மதகடிப் பதில்கள்: முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "என்ன இரை போடலாம்?" தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூட எழுதவில்லை. கலங்கலா, தெளிவா, பச்சையா? ஏறுகிறதா, இறங்குகிறதா? காற்று எந்தக் கரையில் அடிக்கிறது? கடலூர் மாவட்டத்து ஏரி ஒன்றில் 31 ஆண்டுகள் லஸ்கராக இருந்து மதகு திறந்து மூடியவன் நான். காலை ஆறு மணிக்கு அளவுப் பலகையைப் பார்த்து எழுதுவது வேலை. எழுதி முடித்ததும் மதகடியில் தூண்டில் போடுவது பழக்கம். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எனவே உங்கள் இரைக் கேள்விக்கு நான் தண்ணீரைப் பற்றிப் பேசினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா மீனும் கடிக்கிற ஒரே இரை ஏதாவது உண்டா? கடையில் அப்படிச் சொல்லி ஒரு மாவுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு மாதமாக ஒன்றும் கடிக்கவில்லை.
*கல்லூரி மாணவர், சிதம்பரம்*

உண்டு தம்பி, மண்புழு. காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை. ஆனால் அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லா மீனும் கடிக்கும் என்றால், நீங்கள் நினைத்த மீன் வருவதற்குள் நினைக்காத மீன் வந்து தின்றுவிட்டுப் போய்விடும்.

அடுத்த முறை மீன் சந்தைக்குப் போனால் விலை கேட்பதற்கு முன் வாயைப் பாருங்கள். கட்லாவுக்குக் கீழ்த்தாடை மேல்நோக்கித் தூக்கியிருக்கும், மீசை இருக்காது. மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை அள்ளித் தின்னும் வாய் அது. ரோகுவின் வாய் சற்றே கீழ்நோக்கியது, உதட்டில் குஞ்சம் வைத்தாற்போலச் சுருக்கம் இருக்கும். நடுத்தண்ணீரில் பாசியையும் இலைதழையையும் கொறிக்கும். மிர்கால் அடிமண்ணைக் கிளறும். ஒரே குளத்தில் மூன்று மாடி, மாடிக்கு ஒரு குடித்தனம். மீன் வளர்ப்பவர்கள் இந்த மூன்றையும் சேர்த்து விடுவது ஒன்றின் சோற்றில் இன்னொன்று கை வைக்காது என்பதால்தான். கெளுத்திக்கு மீசைதான் மூக்கும் நாக்கும், அதனால் அதற்கு வாடை வேண்டும். விராலுக்குக் கண்ணும் பல்லும் இருக்கின்றன, அதற்கு அசைவு வேண்டும்.

உங்கள் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை. மாவில் குற்றம் இருக்காது என்றே நினைக்கிறேன். தரையில் மேயும் மீனுக்கு மேலே மிதக்கவிட்டோ, மேலே மேயும் மீனுக்கு ஈயம் கட்டித் தரையில் இறக்கியோ இருப்பீர்கள்.

புழுவைக் கோக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பலர் புழுவை மூன்று நான்கு முறை குத்தி உருண்டையாக்கித் தூண்டில் முள்ளில் வைக்கிறார்கள். அது தண்ணீருக்குள் செத்த புழு. தலைப்பக்கம் முள்ளை நுழைத்து, மோதிரத்தில் விரல் நுழைவதுபோலப் பாதி உடம்பை முள்ளின் வளைவில் ஏற்றுங்கள். மீதி அரை விரல் நீளம் தொங்கட்டும். அந்த வால் நெளிவதுதான் மீனைக் கூப்பிடும். விரலில் வழுக்கினால் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொள்ளுங்கள். புழுவை வாட்டாமல் வைக்க, ஈர மண்ணும் மட்கிய சாணமும் கலந்து பழைய சாக்கால் மூடி வைத்தால் போதும். பிளாஸ்டிக் டப்பாவில் வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும்.

கோடையில் விடியற்காலை எங்கள் ஏரியில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசியோடு இருக்கின்றன என்று வாய்க்கு நேராக இரையைப் போட்டும் ஒன்றுகூடத் தொடவில்லை. ஏன்?
*வாசகர், செங்கல்பட்டு*

ஐயா, அவற்றுக்குப் பசியில்லை, மூச்சு முட்டுகிறது. வாசலில் நின்று காற்று வாங்குகிற ஆஸ்துமாக்காரரிடம் பலகாரத் தட்டை நீட்டினால் வாங்குவாரா?

உங்கள் ஏரித் தண்ணீர் பச்சையாக இருந்திருக்க வேண்டும். பாசியும் நீர்ச்செடியும் பகல் வெயிலில் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதே பிராணவாயுவைச் செலவழிக்கும். எனவே பொழுது விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. போதாததற்கு, தண்ணீர் சூடானால் அதன் கொள்ளளவே குறைந்துபோகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்து, இரவில் காற்றும் இல்லாமல் போனால் மறுநாள் காலை கரையெல்லாம் செத்த மீனாக ஒதுங்குவதும் உண்டு. ஊரில் யாரோ விஷம் வைத்துவிட்டதாகப் பஞ்சாயத்து கூடும். இரண்டு முறை அந்தப் பஞ்சாயத்தில் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் என்னை யாரும் நம்பவில்லை.

அப்படிப்பட்ட காலையில் தூண்டிலைச் சுருட்டிவிட்டு டீ குடிக்கப் போங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறி, காற்று கிளம்பித் தண்ணீரில் சிற்றலை விழுந்த பிறகு வாருங்கள். அல்லது, விடியற்காலையே பிடித்தாக வேண்டும் என்றால் விராலுக்குப் போடுங்கள். அது மூச்சுக்குத் தண்ணீரை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். தேளியும் பனையேறிக் கெண்டையும் இதே சாதி. கெண்டையெல்லாம் வாய் பிளந்து நிற்கும் காலையில் விரால் மட்டும் கோரைப் புதருக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

விராலுக்குத் தவளைதானே சிறந்த இரை? உயிருள்ள தவளையா, ரப்பர் தவளையா?
*வாசகர், புதுக்கோட்டை*

உங்கள் ஊரில் கண்மாய் என்பீர்கள், நாங்கள் ஏரி என்போம், நெல்லைக்காரர்கள் குளம் என்பார்கள். விரால் மூன்று இடத்திலும் விரால்தான். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரடியில், தாமரை இலை நிழலில், கோரை ஓரத்தில் ஓர் ஆள் ஆழத்துக்கும் குறைவான தண்ணீரில் நிற்கும். காத்துக்கொண்டே இருங்கள். "பொளக்" என்று ஒரு சத்தம், ஒரு குமிழி, ஒரு வட்டம் வரும். அது காற்று விழுங்கிய இடம். அந்த வட்டத்தின் மேலேயே இரையைப் போட்டால் ஓடிவிடும். இரண்டு மூன்று முழம் தள்ளிப் போட்டு, இலைமேல் இழுத்து, விளிம்பில் நிறுத்தி, தண்ணீருக்குள் நழுவவிட வேண்டும். நழுவும் அந்த நொடியில்தான் அடிக்கும். அடித்தவுடன் சுண்டாதீர்கள். மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். எனக்கு மூன்று எண்ணப் பழகப் பத்து ஆண்டு ஆனது.

தவளைக்கு வருகிறேன். நாட்டுப் பெருந்தவளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். ரப்பர் தவளை தாராளமாகப் போதும். செடிக்குள் சிக்காமல் வருவதால் உயிர்த் தவளையைவிட வசதியும்கூட. ஆனால் ரப்பர் தவளை கண்ணுக்கான இரை, தெளிந்த தண்ணீருக்குத்தான் லாயக்கு. மழை பெய்து ஏரி செம்மண் கரைசலாக இருக்கும் வாரத்தில் அதை வீசிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அப்போது முரட்டு மண்புழு இரண்டை அல்லது சின்னக் கெண்டை ஒன்றைக் கோத்து, புதர் ஓரம் அசையாமல் விட்டுவையுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று குங்குமத்தைக் கொட்டியதுபோல விரால் குஞ்சுக் கூட்டம் ஒன்று மேல்தண்ணீரில் சுழன்றுகொண்டே போகும். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே எதைப் போட்டாலும், வெறும் முள்ளைப் போட்டாலும் அடிக்கும். பசியால் அல்ல, குஞ்சுக்கு ஆபத்து என்று அடிக்கும். எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது அப்படி ஒரு தாயைப் பிடித்தேன். இரண்டு கிலோ இருந்தது. பெருமையாகக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் உளுவையும் கெண்டையும் பாய்ந்து பாய்ந்து அந்தச் சிவப்பைத் தின்றுகொண்டிருந்தன. மாலைக்குள் ஒன்றும் மிச்சமில்லை. அன்று குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு நான் குஞ்சுக் கூட்டத்தின் மேல் போட்டதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் கட்லாவுக்கு எப்படி மாவு பிசைவது? ஏலக்காய், பெருங்காயம் எல்லாம் சேர்க்க வேண்டுமா? என் மாமா வெல்லப்பாகு என்கிறார்.
*வாசகர், பென்னாகரம்*

மாமா சொன்னால் சேருங்கள், குடும்ப அமைதி முக்கியம். எனக்கு வாசனைப் பொருளில் பெரிய நம்பிக்கை இல்லை. என் கணக்கு இது: வறுத்துப் பொடித்த கடலைப் பிண்ணாக்கு இரண்டு பங்கு, சலித்த அரிசித் தவிடு ஒரு பங்கு, பிடிமானத்துக்கு மைதா அரைப் பங்கு. வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, ஈரத்துணியில் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே கரைந்தால் மைதா போதாது. கால் மணி நேரம் கழித்தும் கல்லாகக் கிடந்தால் மைதா கூடிவிட்டது. ஓரம் மட்டும் புகைபோலக் கரைந்துகொண்டே, நடு நிற்க வேண்டும். கட்லா அந்தப் புகையைத்தான் உறிஞ்சும். உறிஞ்சும்போது முள்ளும் சேர்ந்து உள்ளே போகும்.

ஆனால் அணையில் மாவைவிட மட்டம் பெரிது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூரில் முழுக் கொள்ளளவுக்கு 120 அடி. வழக்கமாக ஜூன் 12-இல் டெல்டாவுக்குத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஆடியில் காவிரி வெள்ளம் வந்து மட்டம் ஏறும்போது, அதுவரை காய்ந்து கிடந்த புல்தரை முழுகும். புழுவும் பூச்சியும் வெளியே வரும், மீன் அதைத் தேடிக் கரையோரம் ஏறி வரும். அப்போது நான்கடி தண்ணீரில் போட்டாலே கிடைக்கும். மட்டம் இறங்கும் நாட்களில் மீன் ஓரத்தை நம்பாது, ஆழத்துக்கு ஒதுங்கிவிடும். அதே இடத்தில் அதே மாவைப் போட்டுவிட்டு "போன மாதம் கடித்ததே" என்று புலம்புவதில் பயனில்லை.

காற்றையும் பாருங்கள். மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைக் காற்று ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். கட்லா அதன் பின்னால் போகும். அலை வந்து மோதுகிற, உட்காரவே சிரமமான கரையில்தான் உட்கார வேண்டும். நிழலும் அமைதியுமான எதிர்க்கரையில் நமக்குத் தூக்கம்தான் வரும்.

இரை தரையைத் தொடாமல் இரண்டு மூன்று அடி ஆழத்தில் தொங்கும்படி தக்கையை வையுங்கள். கட்லா கடித்தால் தக்கை துள்ளாது. ஒரு நடுக்கம், பிறகு யாரோ மெல்ல அழுத்துவதுபோல உள்ளே போகும். டக் டக்கென்று ஆடினால் பொடிக் கெண்டை. நின்ற தக்கை படுத்துக்கொண்டால் அடியில் ஏதோ ஒன்று இரையை ஈயத்தோடு தூக்கிவிட்டது, பெரும்பாலும் மிர்கால். சாய்ந்தபடி ஒரே ஓட்டமாக ஓடினால் கெளுத்தி. உட்காருவதற்கு முன், அந்த இடத்தில் அனுமதி உண்டா, யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள். ஏரியோ அணையோ, மீன்பாசி குத்தகை எடுத்தவர் பணம் கட்டியிருக்கிறார்.

ஜிலேபிக் கெண்டை இரையை மட்டும் தின்றுவிட்டு முள்ளை விட்டுவிடுகிறதே?
*வாசகர், ஆவடி*

முள் பெரிது. சின்ன முள்ளுக்கு மாறி, அரை அங்குலப் புழுத்துண்டு மட்டும் வையுங்கள். சில நாட்களில் பெட்டை மீன் தொடவே தொடாது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன் அது, அந்த நாட்களில் கிட்டத்தட்டப் பட்டினி. கரையோரம் சேற்றில் தட்டுத்தட்டாகக் குழி தெரிந்தால் ஆண் மீன் கட்டிய வீடு, அதன் மேல் போட்டால் கோபத்தில் கடிக்கும். 1952-இல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று எந்தக் குட்டையில் இல்லை? இதைப் பிடிப்பதில் மட்டும் எனக்கு மனச்சாட்சி உறுத்துவதில்லை.

கெளுத்திக்குக் கோழிக்குடல் போடலாமா?
*வாசகர், திண்டிவனம்*

போடலாம். இரவில், கலங்கல் தண்ணீரில், தரையில். மறுநாள் பேருந்தில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

என் கணவர் ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் மதியம் ஒரு மணிக்கு நான்கு கெண்டையோடு வருகிறார். அதுவும் மண்வாடை அடிக்கிறது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.
*ஆசிரியை, விருத்தாசலம்*

கணவருக்கா, வாடைக்கா அம்மா? முதலாவதற்கு வழி இருந்திருந்தால் என் மனைவி எப்போதோ கண்டுபிடித்திருப்பாள்.

மண்வாடைக்கு மண் காரணமில்லை. தண்ணீரில் உள்ள சிலவகைப் பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் ஏறிவிடுகிறது. புளிப்பு அதை முறிக்கும். வயிற்றின் உள்ளே இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லுப்பும் கரைத்த புளியும் தடவி இருபது நிமிடம் வைத்துக் கழுவுங்கள். பொடிக் கெண்டையைக் குழம்பில் போட்டால் முள் பொறுக்கியே பொழுது போகும். இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி, மொறுமொறுவென்று பொரித்துவிடுங்கள். முள்ளும் சேர்ந்து நொறுங்கிவிடும்.

தேளி மீனைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது கையில் குத்திவிட்டது. மணிக்கட்டு வரை வலி. பக்கத்திலிருந்தவர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார்.
*வாசகர், சீர்காழி*

எனக்கும் வைத்தார்கள். இரவு முழுவதும் அழுததுதான் மிச்சம். தேளியின் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் இருக்கிறது. பெயரே தேளிலிருந்து வந்ததுபோலத்தான் இருக்கிறது. வலி குறைய எனக்குப் பின்னாளில் ஒரு மருத்துவர் சொன்னது வெந்நீர். குத்துப்பட்ட கையைத் தாங்கக்கூடிய சூட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வையுங்கள். சூட்டை நல்ல கையால் சோதித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் வலியில் வெந்துபோவதுகூடத் தெரியாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே முள் முறிந்திருக்கிறதா என்று பார்க்க மருத்துவரிடம் போங்கள், தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். இனிமேல் கறுத்து வழவழவென்று மீசையோடு எது வந்தாலும் கையால் பிடிக்காமல் ஈரச்சாக்கைப் போட்டு அழுத்திக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

அமாவாசை, பௌர்ணமி பார்த்துத் தூண்டில் போட வேண்டுமா? உங்கள் அனுபவத்தில் எந்த நாள் நல்ல நாள்?
*வாசகர், காட்டுமன்னார்கோயில்*

நீங்கள் வீராணத்தின் கரையில் இருந்துகொண்டு என்னிடம் நாள் கேட்கிறீர்கள். வடவாற்றில் தண்ணீர் வந்து ஏரி முழுமட்டமான 47.50 அடிக்கு ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தைவிட நல்ல நாள் பஞ்சாங்கத்தில் இல்லை. புதுத்தண்ணீர் நுழைகிற வாயில், நேராக வேகத்தில் அல்ல, வேகமும் தேக்கமும் சந்திக்கிற சுழியோரத்தில் போடுங்கள். கலங்கலாக இருக்கும், எனவே புழு.

அமாவாசைக் கணக்கை நானும் சோதித்திருக்கிறேன். தினமும் மட்டம் எழுதும் பேரேட்டின் ஓரத்தில் அன்று பிடித்த மீனையும் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். "வி 2, கெ 11" என்றால் விரால் இரண்டு, கெண்டை பதினொன்று. சில ஆண்டுக் கணக்கைப் புரட்டியபோது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மட்டம் ஏறிய நாட்களில் மட்டும் ஓரம் நிறைய எழுத்து இருந்தது.

ஒரு நாள் புதிதாக வந்த மேலதிகாரி தணிக்கைக்கு உட்கார்ந்து பேரேட்டைப் பார்த்துவிட்டார். "இது என்ன, வி 2, கெ 11?" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "தண்ணீர் விடச் சொல்லி விசாரித்த விவசாயிகள் இரண்டு பேர், கெஞ்சியவர்கள் பதினொரு பேர், ஐயா." அவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிறு காலை மதகடியில் ஒரு புதுக் கம்போடு நின்றுகொண்டிருந்தார். மட்டம் என்ன என்று கேட்பார் என்று பேரேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். "என்ன இரை போடலாம்?" என்றார்.